புஷ்பராக மோதிரமும் ஹார்லிக்ஸ் பாட்டில் கல்லும்

போன வியாழக்கிழமை ஒரு குடும்பம் காரைக்குடில, மேல என்ன படிக்கலாம்னு ஆலோசனை சொல்ற என் ஆபீஸுக்கு வந்துச்சு, ஆச்சி (பிள்ளையோட அம்மா), அவங்க வீட்டுக்காரர், பெரியம்மா, பொம்பளப் பிள்ள, மொத்தம் நாலு பேர். பிள்ள நீட் ரெண்டு தடவ எழுதிருச்சு, குவாலிஃபை ஆயிருக்கு ஆனா கவர்மென்ட் சீட்டுக்கு எட்டாது. யாரோ ஏஜென்ட் டீம்டு காலேஜ்ல சீட் வாங்கித் தர்றேன்னு சொல்லி அட்வான்ஸ் கேக்குறானாம். "பங்காளி வீட்ல எல்லாம் ஆளுக்கொரு டாக்டர் இருக்கு, நம்ம வளவுலதான் இல்லைங்கிறாக, நான் என்ன செய்ய"ன்னு ஆச்சிக்கு கண்ணு கலங்கிருச்சு. மோர் குடுத்து அஞ்சு நிமிஷம் ஆறுதலா பேசுனேன். அதுக்கு மேல என்னால முடியல, ஏன்னா அவங்க எடுத்துட்டு வந்திருந்த ஃபைல்ல நிலப் பத்திரம் இருந்துச்சு.

ஆச்சி, அன்னைக்கு பாதிதான் பேச முடிஞ்சுது, மீதிய இங்க எழுதுறேன், உங்கள மாதிரி இன்னும் பத்து வீடு படிக்கட்டும்.

மொதல்ல அந்த ஏஜென்ட். டீம்டு எம்பிபிஎஸ் சீட் எல்லாமே எம்சிசி, அதாவது மத்திய அரசோட மெடிக்கல் கவுன்சிலிங் கமிட்டி நடத்துற கவுன்சிலிங் வழியாத்தான் போகுது, நடுவுல எவனும் எடுத்துக் குடுக்க முடியாது, அவனுக்கு அஞ்சு பைசா குடுக்காதீங்க. அப்புறம் செலவு, ஃபீஸ் ஹாஸ்டல் எல்லாம் சேந்தா ஒரு கோடிய தாண்டும். வட்டிக் கணக்கு உங்க வீட்டுக்கு நான் சொல்லித் தரணுமா? நிலத்த வச்சு 60 லட்சம் வாங்கி 11 பர்சன்ட் போட்டாலும் வட்டி மட்டும் மாசம் 55,000, அசல் அப்படியே நிக்கும், எம்பிபிஎஸ் முடிச்சு உடனே யாரும் சம்பாதிக்க உக்கார மாட்டாங்க, பிஜி (மேல்படிப்பு) வேணும், அதுக்கு இன்னொரு நிலம் எங்க இருக்கு? பிள்ளைக்கு டாக்டர் ஆகணும்னு தவிப்பு இருந்தா வேற கதை. இல்ல. நான் கேட்டப்ப பாப்பா தரையத்தான் பாத்துச்சு.

அப்புறம் பெரியம்மா பேசுனாங்க, பிள்ளைக்கு குரு பலம் கம்மி, அதான் கனக புஷ்பராகம் வாங்கி மோதிரம் போட்டு விட்டேன், கண்டிப்பா சீட் கிடைச்சிரும்னாங்க. அப்பத்தான் அதுவரைக்கும் வாயே திறக்காத பிள்ள மெதுவா சொல்லுது, "சார், இது புஷ்பராகம் இல்ல, கண்ணாடி."

எப்படிம்மா தெரியும்னேன். பைல இருந்து ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில எடுத்துச்சு, உள்ள பூரா கல்லு, கூடவே உடஞ்ச பாத்ரூம் டைல்ஸ் துண்டு ஒண்ணு. ஒரு வெள்ளை குவார்ட்ஸ் கல்ல எடுத்து "கல்லோட கடினத்த 1ல இருந்து 10 வரைக்கும் அளப்பாங்க, குவார்ட்ஸ் 7 சார், புஷ்பராகம்னா கொரண்டம்ங்கிற கனிமம், அது 9. ஏழு ஒன்பத கீறாது. ஆனா இதுல கோடு விழுந்துருச்சு"ன்னு மோதிரத்த திருப்பிக் காட்டுச்சு. ஓரத்துல முடி மாதிரி ஒரு கீறல். லென்ஸ் வச்சு பாத்தா உள்ள குட்டிக் குட்டி உருண்டைக் குமிழி, கண்ணாடில வழக்கமா இருக்குற குமிழி. (நகைய இப்படி கீறிப் பாக்கக் கூடாது, ரத்தினக்கல் லேப்ல, கல்லுக்குள்ள ஒளி எவ்வளவு வளையுதுன்னு அளக்குற ரிஃப்ராக்டோமீட்டர்ல வச்சா கீறாமலே சொல்லிடுவாங்க, கொரண்டம்னா 1.76 கிட்ட காட்டும். அத பாப்பாகிட்ட தனியா சொல்லிட்டேன்.) பெரியம்மா மூஞ்சிய நான் பாக்கல, பாத்தா சிரிச்சிருப்பேன்.

அடுத்து டைல்ஸ திருப்பி, பின்பக்கம் பளபளப்பு இல்லாம சொரசொரன்னு இருக்கும்ல, அதுல ஒவ்வொரு கல்லா தேய்ச்சுது. வெளிய கருப்பா மினுக்குற ஒரு கல்லு ரத்தச் சிவப்பா கோடு போட்டுச்சு, ஹேமடைட், இரும்புத் தாது. இன்னொண்ணு கருப்பாவே இழுத்துச்சு, தொட்டா விரல் வழுக்குது, பென்சில் மை மாதிரி ஒட்டுது. "மாமா ஊருக்கு சிவகங்கை போனப்ப எடுத்தேன், கிராஃபைட்." பாக்குற நிறத்த நம்பாத, பொடியோட நிறத்த நம்புன்னு இந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்லிக் குடுக்கல, லைப்ரரில தானா படிச்சிருக்கு. ரெண்டு வருஷமா இத மறைச்சு வச்சுக்கிட்டு பயாலஜி மனப்பாடம் பண்ணிருக்கு, கேக்கவே எனக்கு கஷ்டமா இருந்துச்சு.

பாராமெடிக்கல், பிசிஏ, என்ஜினியரிங் பத்தியெல்லாம் நான் பேசப் போறதில்ல, தெருவுக்கு நாலு பேர் சொல்லுவாங்க. நான் சொல்றது ஜியாலஜி, பாறை, கனிமம் பத்தின படிப்பு. "கல்லு உடைக்கிற படிப்பா"ன்னு பாப்பாவோட அப்பா கேட்டாரு. அண்ணே, நம்ம ஊர்ல வரன் பாக்குறப்ப மொதல்ல எந்தக் கோயில், அதாவது எந்தப் பிரிவுன்னுதான கேப்போம்? கனிமத்துலயும் அதே கதைதான். இரும்பு இருக்கா செம்பு இருக்கான்னு பாத்து பிரிக்கிறதில்ல, அது ஆக்சைடா, சல்ஃபைடா, கார்பனேட்டா, சிலிகேட்டான்னு பாத்துதான் வகை பிரிப்பாங்க. உங்க வீட்டுப் பட்டாலைல (கூடத்துல) இத்தாலி மார்பிள் இருக்குல்ல, எலுமிச்ச சாறு சிந்துனா அந்த இடம் மங்கிப் போகும், ஏன்னா அது கால்சைட், கார்பனேட் கோயில், புளிப்பு ஆகாது. பக்கத்துல கிரானைட் திண்ணைல சிந்துனா ஒண்ணும் ஆகாது, அது சிலிகேட் கோயில். ஊரணிப் படிக்கு போட்டிருக்க செம்புறாங்கல்லு ஒரே கனிமம் இல்ல, இரும்பு அலுமினிய ஆக்சைடெல்லாம் கலந்த பாறை. அதே சாதிக் கல்லுல அலுமினியம் தூக்கலா இருந்தா பேரு பாக்சைட், ஏற்காட்டுலயும் கொல்லிமலைலயும் வெட்டி எடுத்து அலுமினியம் ஆக்குனாங்க. எது படிக்கட்டுக்கு, எது ஃபேக்டரிக்குன்னு சொல்றவங்கதான் ஜியாலஜிஸ்ட்.

பாப்பா கைல இருந்த கிராஃபைட் விஷயத்துக்கு வர்றேன். சிவகங்கைல டாமின், அதான் தமிழ்நாடு அரசோட கனிம நிறுவனம், சுரங்கமே வச்சிருக்கு, வெட்டுன கல்ல அரைச்சு தண்ணில போட்டு காத்த ஊதுவாங்க, கிராஃபைட்டுக்கு தண்ணி ஒட்டாது, நுரையோட மேல வந்துரும், மத்த மண்ணு கீழ நின்னுரும். பென்சிலுக்கு போறது கொஞ்சம்தான். மீதி ஆசாரி தங்கம் உருக்குற மூசை, இரும்பு உருக்குற உலைக்கு செங்கல், இப்ப எலக்ட்ரிக் கார் பேட்டரி. லித்தியம் பேட்டரின்னுதான் பேரு, ஆனா உள்ள லித்தியத்த விட கிராஃபைட் எடைதான் ஜாஸ்தி, ஆனோடுங்கிற மின்முனை பெரும்பாலும் அதுதான். 2023ல மத்திய அரசு போட்ட 30 முக்கியக் கனிமங்கள் லிஸ்ட்ல கிராஃபைட் இருக்கு, அதே வருஷக் கடைசில சைனா ஏற்றுமதிக்கு கெடுபிடி போட்டுச்சு, 2025 ஜனவரில இந்தியா கனிம மிஷனுக்கு 16,300 கோடி ஒதுக்குச்சு. பேட்டரி ஆராய்ச்சி பண்ற சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்) நம்ம காரைக்குடிலயே, அழகப்ப செட்டியார் குடுத்த இடத்துல நிக்குது, நீங்க தினம் பஸ்ல தாண்டிப் போறீங்க.

படிப்பு இப்படி. பிஎஸ்சி ஜியாலஜி திருச்சி நேஷனல் காலேஜ், தூத்துக்குடி வஉசி, சேலம் கவர்மென்ட் ஆர்ட்ஸ், சென்னை பிரசிடென்சில இருக்கு. கவர்மென்ட் காலேஜ்னா ஃபீஸ் வருஷத்துக்கு சில ஆயிரத்தோட போச்சு. பிஎஸ்சியோட நிறுத்துனா சம்பளம் சுமார்தான், அத மறைக்க மாட்டேன், எம்எஸ்சி கட்டாயம். எம்எஸ்சிக்கு ஐஐடி ஜாம்னு ஒரு நுழைவுத் தேர்வு, அத எழுதுனா பம்பாய், கரக்பூர், தன்பாத்துன்னு போகலாம். முடிச்சு யுபிஎஸ்சி ஜியோ சயின்டிஸ்ட் எக்ஸாம் எழுதி ஜிஎஸ்ஐக்குள்ள (மத்திய அரசோட புவியியல் ஆய்வுத் துறை) போனா ஆரம்ப அடிப்படைச் சம்பளமே 56,100. அந்த 55,000 வட்டிக்குப் பக்கத்துல இத ஒரு பேப்பர்ல எழுதி அண்ணன் கைல குடுத்தேன், ரொம்ப நேரம் அதையே பாத்துக்கிட்டு இருந்தாரு. போஸ்ட் ஒரு வருஷம் நிறைய வரும், ஒரு வருஷம் நூறு கூட வராது, அதனால டிஎன்பிஎஸ்சி உதவி ஜியாலஜிஸ்ட், நிலத்தடி நீர், அரியலூர் பக்கம் சிமென்ட் கம்பெனி சுண்ணாம்புக்கல் சுரங்கம்னு எல்லாத்துக்கும் தயாரா இருக்கணும்.

பொம்பளப் பிள்ள காட்டுக்கும் மேட்டுக்கும் போகுமான்னு கேட்டீங்க. போகும். ஃபீல்டு கேம்ப் கஷ்டம்தான், வெயிலு, டெண்ட்டு, பாத்ரூம் பிரச்சனை எல்லாம் உண்டு. நிலத்தடி சுரங்கத்துக்குள்ள பகல்ல பொம்பளைங்க வேலை பாக்கவும் 2019ல அனுமதி வந்துருச்சு. இது பிடிக்குமா பிடிக்காதான்னு பாப்பாகிட்ட கேளுங்க, பெரியம்மாகிட்ட கேக்காதீங்க.

கவர்மென்ட் காலேஜுக்கு டிஎன்ஜிஏஎஸ்ஏங்கிற அரசு அட்மிஷன் வெப்சைட்ல அப்ளை பண்ணனும், தேதி விட்டுறாதீங்க, நேஷனலுக்கும் வஉசிக்கும் தனி அப்ளிகேஷன். பத்திரத்த மறுபடி பெட்டகத்துல வைங்க. பாப்பா டைல்ஸ் துண்ட என் மேசைலயே விட்டுட்டுப் போயிருச்சு, வந்து வாங்கிக்கச் சொல்லுங்க. மோதிரம் வாங்குன கடைல சண்ட போடுறது பெரியம்மா வேலை, அதுக்கு என்னை கூப்பிடாதீங்க.