மாத்திரையை இடித்துக் கொடுக்கலாமா?

காரைக்குடி மருந்தாளுநர் ஒருவர் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் அளிக்கிறார்.

கேள்வி: என் மாமியாருக்கு வயது 78. மாத்திரை தொண்டையிலேயே நிற்கிறது என்று துப்பிவிடுகிறார். அதனால் சர்க்கரைக்கான மெட்பார்மின் எஸ்.ஆர்., ரத்த அழுத்தத்துக்கான நிபெடிபின் ரிடார்ட், வயிற்று அமிலத்துக்கான பான்டோபிரசோல், கால்சியம் ஆகிய நான்கையும் சுக்கு இடிக்கும் சிறிய உரலில் பொடித்துத் தேனில் குழைத்துக் கொடுக்கிறேன். கொடுத்த ஒரு மணி நேரத்தில் தலை சுற்றுகிறது என்று முகப்பிலேயே சாய்ந்துவிடுகிறார். நான் செய்வது தவறா?
– ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் முதல் மூன்று மாத்திரைகளை இனி இடிக்காதீர்கள். தலைச்சுற்றலைப் பற்றி இன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். அதற்கு வேறு காரணமும் இருக்கக்கூடும் என்றாலும், நிபெடிபினை இடித்துக் கொடுப்பதைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன்.

சாதாரண மாத்திரை என்பது மருந்துத் தூளோடு லாக்டோஸ், மாவுச்சத்து போன்றவற்றையும், பிடித்து வைக்கும் பசையையும், தண்ணீர் பட்டதும் உப்பி உடைக்கும் பொருளையும், அச்சில் ஒட்டாமலிருக்கச் சிறிது மெக்னீசியம் ஸ்டியரேட்டையும் சேர்த்து அழுத்தி எடுத்தது. மேற்பூச்சு இல்லாத அத்தகைய மாத்திரை, 37 டிகிரி வெதுவெதுப்பான நீரில் 15 நிமிடத்துக்குள் உடைய வேண்டும் என்பது பொதுவான தர விதி. வயிற்றில் எப்படியும் உடையப் போவதை முன்கூட்டியே இடிப்பதால் பெரும்பாலும் கெடுதல் இல்லை. உங்கள் கால்சியம் மாத்திரை இந்த வகைதான் என்றால் அதைப் பொடிக்கலாம்.

எஸ்.ஆர்., ரிடார்ட் என்ற அடையாளமுள்ளவை அப்படியல்ல. நன்னாரி சர்பத்தில் ஊறிய சப்ஜா விதையைச் சுற்றி வழவழப்பாக ஒரு படலம் உண்டாகிறதே, அதைப் போல இவற்றில் பல, நீரில் ஊறியதும் கூழாகி, மருந்தைப் பல மணி நேரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகின்றன. நம் இலக்கணத்தில் மாத்திரை என்றால் கண்ணிமைக்கும் கால அளவு. இந்த மாத்திரைகளும் மருந்தின் அளவோடு காலத்தையும் அளந்து வைத்திருப்பவை. இடித்துவிட்டால், நாள் முழுவதும் பரவ வேண்டிய நிபெடிபின் ஒரேயடியாக ரத்தத்தில் சேர்ந்து அழுத்தத்தைச் சட்டென்று தாழ்த்திவிடும். வயதானவர்களுக்கு இது ஆபத்து. மெட்பார்மின் வயிற்றைக் கலக்கும். பான்டோபிரசோலோ இரைப்பை அமிலத்தில் சிதைந்துபோகும் மருந்து. குடலுக்குப் போன பிறகே கரையும் மேற்பூச்சுதான் அதற்குக் காப்பு. அதை உடைத்தால் மருந்து வீணாகும்.

நம் வீடுகளில் மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து எவர்சில்வர் சம்படத்தில் போட்டு வைக்கும் வழக்கம் உண்டு. பிரித்ததும் அட்டையில் இருக்கும் எஸ்.ஆர்., ரிடார்ட் என்ற அடையாளம் காணாமல் போகிறது. காற்றின் ஈரமும் ஏறுகிறது. அட்டையோடே வையுங்கள்.

திரவமாகவோ, நீரில் கரையும் மாத்திரையாகவோ, இதே பயனைத் தரும் வேறு மருந்தாகவோ மாற்றித் தர முடியுமா என்று மருத்துவரைக் கேளுங்கள். ஆச்சிக்குத் தண்ணீர் குடித்தாலே புரையேறுகிறது என்றால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். தேனும் சர்க்கரைதான் என்பதை நினைவில் வையுங்கள்.

கேள்வி: கேப்ஸ்யூலின் கூடு பிளாஸ்டிக்கா? சைவ உணவுக்காரர்கள் அதைக் கழற்றிவிட்டு மருந்தை மட்டும் சாப்பிடலாமா?
– ஒரு வாசகர், பள்ளத்தூர்

பதில்: பிளாஸ்டிக் அல்ல. பெரும்பாலும் மாடு, பன்றி ஆகியவற்றின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுக்கும் ஜெலட்டின். தாவர நாரிலிருந்து செய்த கூடுகளும் உண்டு, கேட்டு வாங்கலாம். நீங்களாகக் கழற்ற வேண்டாம். வயிற்று அமிலத்துக்கான ஒமிப்ரசோல் கேப்ஸ்யூலைத் திறந்தால் கடுகைவிடச் சிறிய உருண்டைகள் கொட்டும். ஒவ்வொன்றுக்கும் தனி மேற்பூச்சு உண்டு, மென்றால் போச்சு. டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மருந்து உணவுக்குழாயில் தங்கினால் புண்ணாக்கிவிடும். ஒரு தம்ளர் தண்ணீரோடு உட்கார்ந்து விழுங்குங்கள், உடனே படுக்காதீர்கள்.

கேள்வி: பேரனுக்கு வயிற்றுப்போக்கு. ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தைப் பிரித்து வேளைக்கு ஒரு கரண்டி தம்ளரில் கலந்து கொடுக்கிறேன். சரிதானா?
– ஒரு வாசகி, கானாடுகாத்தான்

பதில்: சரியல்ல, ஆச்சி. 1 லிட்டருக்கான பொட்டலத்தில் 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் உப்பு, 2.9 கிராம் சோடியம் சிட்ரேட், 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு என 20.5 கிராம் இருக்கும். கலவைத் தூளில் கனமும் பருமனும் வேறுபடும் துகள்கள் ஆட்டத்தில் பிரிந்து தங்கும் என்பதால், உங்கள் கரண்டியில் உப்பு கூடியும் வரலாம், குறைந்தும் வரலாம். உப்பு கூடிய கரைசல் குழந்தைக்குக் கெடுதல். முழுப் பொட்டலத்தையும், அதன்மேல் அச்சிட்டிருக்கும் அளவு காய்ச்சி ஆறிய நீரில் ஒரே தடவையாகக் கரைத்துவிடுங்கள். கரைத்த பிறகு சூடாக்கக் கூடாது. 24 மணி நேரம் கழிந்து மீந்ததைக் கொட்டிவிட வேண்டும். அது வீணாகிறதே என்று தோன்றினால் 200 மில்லிக்கான சிறு பொட்டலங்களாகக் கேட்டு வாங்குங்கள். குழந்தையின் கண்கள் குழிந்தாலோ, சிறுநீர் நின்றாலோ, குடித்ததெல்லாம் வாந்தியானாலோ, மலத்தில் ரத்தம் கண்டாலோ உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். வழியிலும் கரைசலைச் சிறிது சிறிதாகப் புகட்டுங்கள்.