விடை 46 சரி; வழி எங்கே?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: தண்டையார்பேட்டையில் ஒரு மாலை நேர இலவச வகுப்பில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன். இரவில், எங்கள் வாட்ஸ்ஆப் குழுவிலும் இணையத்தில் உள்ள படிப்பு உதவித் தளங்கள் இரண்டிலும் மாணவர்களின் ஐயங்களுக்குப் பதில் எழுதுகிறேன். புத்தகப் பக்கத்தைப் படம் எடுத்து, '7, 9, 12 விடை வேண்டும், அவசரம்' என்று ஒரு வரி எழுதி அனுப்பிவிடுகிறார்கள். தாங்கள் என்ன முயன்றார்கள் என்பது பற்றி ஒரு சொல்கூட இருப்பதில்லை. எழுதிக் கொடுத்தால் அதற்கே பழகிவிடுகிறார்கள். மறுத்தால் வேறு எங்கேனும் வாங்கிக்கொள்கிறார்கள், அல்லது என்னிடம் கேட்பதையே விட்டுவிடுகிறார்கள். நான் எப்படி நடந்துகொள்வது?
– ஒரு வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: உங்களுக்கு வருவது எந்த வகை வினா என்று முதலில் பார்ப்போம். அதே பிள்ளைகள் தமிழ்ப் பாடத்தில் வினா ஆறு வகைப்படும் என்று படிக்கிறார்கள்: அறிவினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா. 'கடைக்குப் போகிறாயா?' என்று அக்காள் தம்பியிடம் கேட்பது ஏவல் வினா. கேள்வியின் உருவில் அவள் ஒரு வேலையைச் சொல்கிறாள். '7, 9, 12 விடை வேண்டும்' என்பதும் அந்த வகைதான், அதில் வினாக்குறிகூட இல்லை. நீங்கள் எதிர்பார்ப்பது ஐய வினா: இப்படிச் செய்தால் ஒரு விடை வருகிறது, அப்படிச் செய்தால் வேறொன்று வருகிறது, எது சரி என்று கேட்பது. ஐயப்படுவதற்கே இரண்டு வழிகளை எண்ணிப் பார்த்திருக்க வேண்டும் அல்லவா? ஏவலாக வந்ததை ஐயமாக மாற்றி அனுப்பும்படி கேட்பதுதான் உங்கள் முதல் வேலை.

அப்படிக் கேட்பது கண்டிப்புக்காக என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள். அவர்கள் எழுதிய வரியைப் பார்க்காமல் அவர்களுக்கு உதவவே முடியாது என்பதுதான் உண்மையான காரணம். ஒரு கணக்கைக் கொண்டு இதைக் காட்டுகிறேன். உங்கள் வகுப்பிலும் இதைப் போட்டுப் பாருங்கள்.

ஒரு கூட்டுத் தொடர்வரிசையின் (ஒவ்வோர் உறுப்போடும் பொது வித்தியாசம் என்ற ஒரே எண்ணைக் கூட்டினால் அடுத்த உறுப்பு வரும் வரிசை) 3ஆம் உறுப்பு 10, 7ஆம் உறுப்பு 22 எனில் 15ஆம் உறுப்பு என்ன? முறைப்படி, உறுப்பின் எண்ணில் ஒன்றைக் குறைத்து, அதைப் பொது வித்தியாசத்தால் பெருக்கி, முதல் உறுப்புடன் கூட்ட வேண்டும். பொது வித்தியாசம் 3, முதல் உறுப்பு 4, எனவே 15ஆம் உறுப்பு 4 + 42 = 46. இப்போது, ஒன்றைக் குறைக்க மறந்துவிட்ட ஒரு மாணவியை எண்ணிக்கொள்ளுங்கள். பிள்ளைகள் அடிக்கடி செய்கிற பிழை இது. அவளுக்கும் பொது வித்தியாசம் 3 என்றே வரும். முதல் உறுப்பு 1 என்று வரும். 15ஆம் உறுப்பு 1 + 45, அதாவது அதே 46! முதல் உறுப்பில் விழுந்த பிழையும் கடைசி வரியில் விழுந்த பிழையும் ஒன்றையொன்று விழுங்கிவிடுகின்றன. இணையத்தில் கிடைத்த விடையோடு அவள் தன் விடையை ஒப்பிட்டால் 46க்கு 46 பொருந்திவிடும். தனக்குச் சூத்திரம் நன்றாகத் தெரியும் என்ற நம்பிக்கையோடு அவள் புத்தகத்தை மூடிவிடுவாள்.

அடுத்த கணக்கு, அதே தொடர்வரிசையின் முதல் 15 உறுப்புகளின் கூடுதலைக் கேட்கிறது. முதல் உறுப்பையும் கடைசி உறுப்பையும் கூட்டி, 15ஆல் பெருக்கி, பாதியாக்கினால் சரியான விடை 375. அவளுக்கு 352.5 வரும். முழு எண்களை மட்டுமே கூட்டும்போது அரை எங்கிருந்து வந்தது என்று அவள் திகைக்க வேண்டும். திகைப்பதற்குப் பழக்கமில்லாததால் மறுபடியும் படம் எடுத்து அனுப்புவாள். நீங்கள் 375 என்று எழுதிக் கொடுத்தால் அவள் அதைப் படியெடுத்துக்கொள்வாள், பிழை அவளிடமே இருக்கும். முந்தைய கணக்கில் 'முதல் உறுப்பு 1' என்று அவள் எழுதிய வரி உங்கள் கண்ணில் பட்டிருந்தால், 'உன் வரிசையை 1, 4, 7 என்று எழுதி, 3ஆம் உறுப்பு 10 ஆகிறதா பார்' என்று ஒரு வரியில் முடித்திருப்பீர்கள்.

மேலே உள்ள அந்த ஒரு வரி விடையின் வடிவையும் கவனியுங்கள். நன்னூல் சொல்லும் எட்டு வகை விடைகளில் வினா எதிர் வினாதல் என்று ஒன்று உண்டு. 'என்னுடன் வருவாயா?' என்றால் 'வராமல் இருப்பேனா?' என்பது. எதிர்க்கேள்வி கேட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்வதற்கு இலக்கணத்தில் இடமில்லை. கேட்கும் வினாவுக்குள்ளேயே விடை இருக்க வேண்டும். 'நீயே யோசி' என்று எழுதுவதும் 'பாடத்தைப் படித்துவிட்டு வா' என்று எழுதுவதும் இதில் சேரா. அவை கதவை அடைக்கும் சொற்கள். உங்களிடம் கேட்பதைப் பிள்ளைகள் நிறுத்திவிடுகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். மறுக்கும்போது நீங்கள் எழுதிய சொற்களை ஒருமுறை திரும்பப் படித்துப் பாருங்கள்.

விடையை மறைத்து வைத்துக் காவல் காக்கும் காலம் போய்விட்டது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். போலந்தில் 2009இல் தொடங்கப்பட்ட பிரைன்லி போன்ற தளங்களில் விடை சொல்பவருக்குப் புள்ளிகள் சேரும். விரைவாகச் சொல்பவர் முந்திக்கொள்கிறார். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு அந்தக் காத்திருப்பும் இல்லை. நீங்கள் மறுப்பதால் மட்டும் ஒரு பிள்ளையும் விடையில்லாமல் உறங்கப் போவதில்லை. உங்களிடம் வந்தால் தன் வரியை ஒருவர் படித்துப் பார்க்கிறார் என்று பிள்ளைக்குத் தெரிந்தால்தான் அது உங்களிடம் வரும். ஆகையால் குழுவில் ஒரே ஒரு விதி போதும்: புத்தகப் பக்கத்தின் படத்துடன் தன் ரஃப் நோட்டுப் பக்கத்தின் படமும் வர வேண்டும். அது தப்பாக இருக்கலாம், அடித்தல் திருத்தலோடு இருக்கலாம், இரண்டே வரியாகவும் இருக்கலாம். பிசிக்ஸ் ஃபோரம்ஸ் போன்ற பழைய தளங்களில் வீட்டுப்பாடக் கேள்வி கேட்பவர் தம் முயற்சியையும் சேர்த்து எழுத வேண்டும் என்ற வழக்கம் நெடுநாளாக இருக்கிறது. நீங்கள் புதிதாக எதையும் திணிக்கவில்லை.

ஒரு விலக்கு உண்டு, அதை மறந்துவிடாதீர்கள். பாடமே புரியாத பிள்ளையிடம் 'முயன்று காட்டு' என்பது கொடுமை. இயற்கணிதத்தில் தொடக்க நிலையில் இருக்கும் மாணவர்கள், தாமாகத் திணறுவதைவிடச் செய்து காட்டப்பட்ட கணக்குகளைப் படித்தால் அதே வகைக் கணக்குகளை விரைவாகவும் பிழை குறைவாகவும் செய்கிறார்கள் என்று ஜான் ஸ்வெல்லரும் கிரஹாம் கூப்பரும் 1985இல் காட்டினார்கள். அப்படிப்பட்ட பிள்ளைக்கு 7ஆம் கணக்கின் எண்களை மாற்றி, அதே வகையில் இன்னொன்றை முழுமையாகச் செய்து அனுப்புங்கள். 7ஐ அது செய்யட்டும். நான் கரும்பலகையின் முன் நின்ற ஆண்டுகளில் இந்த வேறுபாட்டைக் கடைப்பிடிக்கவில்லை. எல்லாக் கணக்கையும் நானே போட்டேன், நாற்பது பேரும் ஈயடிச்சான் காப்பி அடித்தார்கள், வகுப்பு அமைதியாக இருந்ததால் பாடம் நன்றாகப் போகிறது என்று நம்பினேன்.

கேள்வி: நான் காசிமேட்டில் மீன் வியாபாரம் செய்கிறேன். எட்டாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. என் மகள் பத்தாம் வகுப்பு. இரவு நான் வீடு திரும்பியதும் என் செல்போனை வாங்கி, கணக்கைப் படம் எடுத்து, வருகிற விடையைப் பார்த்து நோட்டில் எழுதிவிடுகிறாள். வீட்டுப்பாடம் முழுவதும் சரி என்று கையெழுத்து வருகிறது. காலாண்டுத் தேர்வில் கணக்கில் 19 மதிப்பெண். செல்போனைக் கொடுக்காமல் நிறுத்திவிடலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, காசிமேடு

பதில்: நிறுத்த வேண்டாம் அம்மா. பாடம் கேட்க உங்கள் வீட்டில் வேறு ஆள் இல்லை என்றால், அந்த ஒரு மணி நேரச் செல்போன் அவளுக்குத் தேவை. அதைத் திறக்கும் வேளையை மட்டும் மாற்றுங்கள்.

பார்த்து எழுதும்போது மகளுக்கு எல்லாம் புரிந்ததாகவே தோன்றும். அவள் உங்களை ஏமாற்றவில்லை. ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதி மாணவர்கள் ஒரு பாடத்தை இரண்டு முறை படித்தார்கள். மற்றவர்கள் ஒரு முறை படித்துவிட்டு, பாராமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது இரண்டு முறை படித்தவர்களே முன்னால் இருந்தார்கள். இரண்டு நாள் கழித்தும் ஒரு வாரம் கழித்தும் சோதித்தபோது, பாராமல் எழுதியவர்கள் முந்திவிட்டார்கள். மகளின் நோட்டு ஐந்து நிமிடக் கணக்கு. காலாண்டுத் தேர்வு அதற்குப் பல வாரம் கழித்து வருகிறது.

எனவே, நீங்கள் வீடு வருவதற்கு முன்பே அவள் எல்லாக் கணக்குகளையும் தொடங்கி, நின்ற இடத்தில் ஒரு கோடு போட்டு வைக்கட்டும். செல்போன் கிடைத்ததும், கோடு போட்ட கணக்குகளுக்கு மட்டும் பார்க்கட்டும். பார்த்ததை உடனே எழுதாமல், செல்போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தானாக எழுதட்டும். பிறகு ஏதாவது ஒரு வரியைத் தொட்டு, 'இது எப்படி வந்தது?' என்று நீங்கள் கேளுங்கள். உங்களுக்கு அந்தக் கணக்கு தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஏலத்தில் விலை கேட்பவர் உண்மையாகவே வாங்க வந்தவரா, சும்மா கேட்டுப் பார்ப்பவரா என்று குரலிலேயே கண்டுபிடிக்கிறவர் நீங்கள். மகள் விளக்குகிறாளா, மழுப்புகிறாளா என்று தெரியாமலா போகும்?

இன்னொன்றையும் அவளிடம் சொல்லுங்கள். பத்தாம் வகுப்புக் கணக்குத் தாளின் 100 மதிப்பெண்களில் 50, ஐந்து மதிப்பெண் வினாக்கள் பத்திலிருந்து வருகின்றன. அவற்றில் வழிமுறைக்கும் மதிப்பெண் உண்டு, ஸ்டெப் மார்க் என்று பிள்ளைகள் சொல்வது அதைத்தான். கடைசி விடை தவறினாலும் வழியைச் சரியாக எழுதியவருக்குக் கொஞ்சமேனும் கிடைக்கும். பக்கம் நிறைந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடும் எங்கள் கூட்டத்துக்கும் இந்த 19இல் பங்கு உண்டு என்பதை நான் மறைக்கவில்லை.

கேள்வி: கணிதமேதை இராமானுசன், சூத்திரங்கள் மட்டும் நிறைந்த ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டுதானே முன்னேறினார்? அவர் விடையைப் பார்த்தது சரி, எங்கள் பிள்ளைகள் பார்த்தால் மட்டும் தவறா?
– ஒரு வாசகர், இராயபுரம்

பதில்: நல்ல மடக்கு. கார் என்ற ஆங்கிலேயர் தொகுத்த அந்தப் புத்தகத்தில் ஏறத்தாழ 5,000 முடிவுகள் இருந்தன. நிறுவல்கள் மிகக் குறைவு. கும்பகோணத்தில் பள்ளி மாணவராக இருந்தபோது அதை இரவல் வாங்கிய இராமானுசன், விடுபட்ட நிறுவல்களைத் தாமே கண்டறிய முற்பட்டார். விடை தெரிந்த பிறகே அவருடைய வேலை தொடங்கியது. பிள்ளைகளுடைய கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் விடைகள் அச்சாகியிருப்பதும் அதற்காகத்தான், அவற்றைப் பார்ப்பதில் தவறே இல்லை. உங்கள் பிள்ளைகள் இணையத்தில் வாங்குவது விடையோடு அதற்கான வழியையும். கடைசிப் பக்கம் சொல்லாத அந்த வழியைத்தான் அவர்கள் தாமே கண்டறிய வேண்டியிருந்தது.

கேட்பதிலும் அவர் கூச்சப்படவில்லை. உங்கள் பகுதிக்கு அருகிலேயே சென்னைத் துறைமுகக் கழக அலுவலகத்தில் எழுத்தராக வேலை பார்த்துக்கொண்டு, 1913 ஜனவரி 16 அன்று கேம்பிரிட்ஜில் இருந்த கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் எழுதியபோது, தாம் கண்டறிந்த தேற்றங்களைப் பக்கம் பக்கமாக இணைத்து அனுப்பிய பிறகே கருத்துக் கேட்டார். இராயபுரத்திலேயே, பி.கே.சீனிவாசன் என்ற கணித ஆசிரியரின் முயற்சியால் 1993இல் உருவான இராமானுசன் அருங்காட்சியகம் இருக்கிறது. பிள்ளைகளை ஒருமுறை அழைத்துச் செல்லுங்கள்.

கேள்வி: முயற்சி செய்து அனுப்பு என்கிறார்கள். எனக்குத் தொடங்கவே தெரியவில்லை என்றால் எதை எழுதி அனுப்புவது?
– ஒன்பதாம் வகுப்பு மாணவன், வியாசர்பாடி

பதில்: தம்பி, கணக்கில் என்ன கொடுத்திருக்கிறார்கள், என்ன கேட்கிறார்கள், உனக்கு எந்தச் சொல் புரியவில்லை என்ற மூன்றையும் உன் சொந்த வாக்கியத்தில் எழுதினால் அதுவே முயற்சிதான். கூம்பைப் பற்றிய ஒரு கணக்குக்கு இப்படி எழுதலாம்: 'அக்கா, ஆரம் 7 செ.மீ., சாயுயரம் 25 செ.மீ. கொடுத்திருக்கிறார்கள், கன அளவு கேட்கிறார்கள். சூத்திரத்தில் உயரம் என்ற இடத்தில் 25ஐப் போட்டேன். 1283.33 வந்தது. புத்தகத்தில் விடை 1232 என்று இருக்கிறது. சாயுயரமும் உயரமும் ஒன்றுதானா?'

இதைப் படிக்கும் அக்கா, கூம்பை உச்சியிலிருந்து நேர் கீழாக இரண்டாக வெட்டினால் தெரியும் முக்கோணத்தின் பாதியை, அதாவது ஆரம், உயரம், சாயுயரம் மூன்றும் பக்கங்களாக உள்ள செங்கோண முக்கோணத்தை, வரைந்து அனுப்பினால் போதும். 24ஐ நீயே கண்டுபிடித்துவிடுவாய். செய்தியை முதலில் ரஃப் நோட்டில் எழுதிப் பார். கடைசிக் கேள்வியை எழுதும்போதே விடை பிடிபட்டு, அனுப்பத் தேவையில்லாமல் போனாலும் போகும்.