கிறிஸ்துமஸுக்குச் செய்யும் சுக்கு பிஸ்கட் ஓவனில் பரவி, மறுநாளே நமத்துப் போவது ஏன்?

கேள்வி கேட்ட நீங்கள் இருப்பது நாகப்பட்டினம் என்கிறீர்கள். அங்கே டிசம்பரிலும் பகலில் அடுக்களை 28, 29 டிகிரிக்கு இறங்கினால் பெரிது. அச்சு வைத்து வெட்டி முடிப்பதற்குள் மாவில் உள்ள வெண்ணெய் கசிய ஆரம்பித்துவிடும். பிறகு தட்டில் பரவத்தான் செய்யும்.

அடுத்தது வெல்லம். பிரவுன் சுகருக்குப் பதில் அதைத்தான் போட்டிருப்பீர்கள். தப்பில்லை, ருசியே அதில்தான். ஆனால் பொங்கலையொட்டி தஞ்சை மாவட்டக் கபிஸ்தலம் பக்கம் காய்ச்சும் புது அச்சு வெல்லத்தில் ஈரம் அதிகம். அழுத்தினால் விரல் பதிகிற வெல்லம் வேண்டாம். உடைத்தால் நொறுங்குகிற பழையது வாங்கித் துருவிச் சலியுங்கள். கட்டி நின்றால் ஓவனில் உருகிக் கருகும். கறுத்த வெல்லமே நல்லது. எல்லோரும் மஞ்சளாகப் பளிச்சென்று கேட்பதால்தானே ஹைட்ராஸ் என்ற ரசாயனம் போட்டு வெளுக்கிறார்கள்! அதை வாங்கி வந்து, நிறம் வரவில்லையே என்று கோகோ சேர்ப்பது வேறு.

மைதா 250 கிராம், உப்பில்லாத வெண்ணெய் 110, வெல்லத்தூள் 120, ஒரு மஞ்சள் கரு, சலித்த சுக்குத்தூள் 2 டீஸ்பூன், பட்டைத்தூள் 1, கிராம்பு 5, ஏலக்காய் 6, உப்பு ஒரு சிட்டிகை. ஆப்ப சோடா கால் டீஸ்பூன்தான். கூடினால் பரவும், சோப்பு வாடையும் அடிக்கும். மாவு சேரவில்லை என்றால் பால் ஒரு ஸ்பூன். பச்சை இஞ்சி வேண்டாம், ஈரம். மைதா கெடுதல் என்பவர்கள் பாதி கோதுமை மாவு போடலாம். முழுக்கப் போட்டால் கடிக்கப் பல் வேண்டும்.

பிசைந்த மாவை ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் வையுங்கள், மசாலா ஊறும். லெப்குச்சன் என்ற ஜெர்மன் மசாலா பிஸ்கட்டுக்குத் தேன் கலந்த மாவை வாரக்கணக்கில் ஊறவைக்கும் பழக்கமே உண்டு. காலையில் இரண்டு பிளாஸ்டிக் தாளுக்கு நடுவே 4 மில்லிமீட்டருக்குத் தேய்த்து வெட்டி, தட்டோடு அரை மணி நேரம் மறுபடி ஃபிரிட்ஜ். இதை விட்டால் மற்றதெல்லாம் வீண். ஓடிஜி ஓவனை 15 நிமிடம் சூடாக்கி, 170 டிகிரியில் 12 முதல் 14 நிமிடம். ஓரம் சிவந்ததும் எடுங்கள். நடுவில் மெத்தென்றுதான் இருக்கும், ஆறினால் இறுகும். குக்கரில் மணல் போட்டுச் செய்யலாமே என்று யாராவது வருவார்கள். கேக்குக்குச் சரி, இதற்கு அடி கருகும், மேலே வெளுத்தே நிற்கும்.

நமத்துப் போவதற்கு மழைக்காற்றும் வெல்லமும் சேர்ந்து காரணம். வெல்லம் காற்றின் ஈரத்தை இழுக்கும். கம்பி வலையில் நன்றாக ஆறிய பிறகே எவர்சில்வர் டப்பாவில் இறுக்க மூடுங்கள். வெதுவெதுப்பாக அடைத்தால் மூடியில் வேர்த்து அன்றைக்கே போச்சு. நமத்ததைத் தூக்கி எறிய வேண்டாம், 120 டிகிரியில் 8 நிமிடம் வைத்து ஆறவிட்டால் மறுபடி மொறுமொறுக்கும்.