சிஸ்டர், ஒரு நிமிஷம்: குழந்தைகள் தொற்றுநோய் ஓபியிலிருந்து சில பதில்கள்

டாக்டர் எதிரில் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு, மருந்தை வாங்கிப் பையில் போட்டபின் கதவோரம் நின்று "சிஸ்டர், ஒரு நிமிஷம்" என்று கேட்பார்களே, அந்த மாதிரிக் கேள்விகள்தான் இந்த முறை வந்திருக்கின்றன. எழுதியவர்களின் ஊரை மட்டும் போட்டிருக்கிறேன், ஒருவருக்கு அதையும் போடவில்லை. வீடு கடலூர் பக்கம், வைத்தியம் பாண்டியில் என்று இருக்கிற குடும்பங்கள் நிறைய. அதனால் பல கேள்விகளுக்கு எந்த மருந்து என்பதைவிட எந்தச் சீட்டு, எந்தத் தேதி, யாரிடம் சொல்வது என்பதுதான் பதிலாக இருக்கிறது.

மாமனாருக்கு டிபி. என் மூன்று வயசுப் பையன் நன்றாகத்தான் ஓடியாடுகிறான், எக்ஸ்ரேயிலும் ஒன்றும் இல்லை என்றார்கள். அப்புறம் எதற்கு ஆறு மாச மாத்திரை? (நெல்லிக்குப்பம்)

எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்பதால்தான் அம்மா இந்த மாத்திரை. இருந்திருந்தால் முதல் இரண்டு மாசம் நாலு மருந்து, அடுத்த நாலு மாசம் மூன்று மருந்து என்று முழு வைத்தியமே தொடங்கியிருப்போம். உங்கள் பையனுக்குக் கொடுத்திருப்பது ஐசோநயசிட் என்கிற ஒரே மருந்து, நோய் வராமல் தடுப்பதற்கு. ஐந்து வயசுக்குள் இருக்கிற பிள்ளையின் உடம்புக்குள் டிபி கிருமி போய்விட்டால், பெரியவர்களைப் போல வருஷக்கணக்கில் சும்மா கிடக்காது. சில மாசத்திலேயே நோயாகிவிடலாம், மூளைக்காய்ச்சலாகக்கூடத் திரும்பலாம். அதனால்தான் ஒரே வீட்டில் சளியில் கிருமி உள்ள ஒருவர் இருந்தால், சின்னப் பிள்ளைக்கு நோய் இல்லை என்று பார்த்து உறுதி செய்துவிட்டு உடனே இதை ஆரம்பிக்கிறோம்.

மாத்திரையைக் கரண்டியில் நசுக்கி, கொஞ்சம் தண்ணீர் விட்டு, வெறும் வயிற்றில் கொடுங்கள். ஒரு டம்ளர் பாலில் கலக்காதீர்கள். பையன் பாதி டம்ளரை வைத்துவிட்டுப் போனால் எவ்வளவு மருந்து உள்ளே போனது என்று உங்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. அரை மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் மறுபடி கொடுக்க வேண்டும். சாப்பாட்டைக் கண்டாலே ஒதுக்குகிறான், வாந்தி நிற்கவில்லை, கண் மஞ்சளாகத் தெரிகிறது என்றால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே வாருங்கள். ஓபி நாள் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

அப்புறம், இதை யாரும் கேட்பதில்லை, நானே சொல்கிறேன்: அடுத்த முறை வரும்போது தாத்தாவின் சளிப் பரிசோதனைச் சீட்டையும் கொண்டு வாருங்கள். அவருடைய கிருமி மருந்துக்கு அடங்காத வகை என்று அதில் இருந்தால் பையனுக்கு இந்த மாத்திரை சரிப்படாது, திட்டமே மாறும். தாத்தா ஓர் ஆஸ்பத்திரி, பேரன் இன்னோர் ஆஸ்பத்திரி என்று இருந்தால் இந்த ஒரு தாள்தான் இரண்டையும் சேர்த்து வைக்கும். மாத்திரைக்காக மாசாமாசம் பாண்டிக்குப் பஸ் ஏற வேண்டியதில்லை, நிக்ஷய் என்கிற அரசின் டிபி நோயாளிகள் பதிவு நாடு முழுக்க ஒன்றுதான். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள், எடை பார்க்க மட்டும் பையனைத் தவறாமல் தூக்கி வாருங்கள், எடை ஏறினால் அளவும் ஏறும். மாசம் 1000 ரூபாய் உதவித்தொகை நோயாளியான தாத்தாவுக்கு உண்டு (2024 நவம்பருக்கு முன் 500 ஆக இருந்தது). தடுப்பு மாத்திரை சாப்பிடுகிற பையனுக்கு அது வராது, அதற்காக அலைய வேண்டாம்.

டெங்கு. நாலாம் நாள் காய்ச்சல் விட்டுவிட்டது, ஆனாலும் நாளைக்கு வரச் சொல்கிறார்கள். திரும்பவும் ஊசி குத்தி ரத்தம் எடுக்கவா? (வில்லியனூர்)

ஆமாம், வந்துதான் ஆக வேண்டும். டெங்குவில் காய்ச்சல் இறங்குகிற சமயம்தான் எங்களுக்குப் பயம். ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து வெளியே போவது பெரும்பாலும் அந்த ஒன்றிரண்டு நாளில்தான், பிள்ளை "தேறிவிட்டது" என்று வீட்டில் எல்லோரும் நிம்மதியாக இருக்கும்போது. தட்டணு (பிளேட்லெட்) எண்ணிக்கையை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பி "இது போதுமா சிஸ்டர்" என்று கேட்கிறீர்கள், அந்த ஒரு எண்ணை வைத்து எதுவும் சொல்ல முடியாது. ரத்தம் கெட்டியாகிறதா, கை கால் சில்லிடுகிறதா, கடைசியாக எப்போது ஒன்றுக்குப் போனது, இதெல்லாம் சேர்த்துத்தான் பார்ப்போம். வயிறு வலி என்று சுருண்டு படுத்தால், வாந்தி நிற்காவிட்டால், ஈறில் மூக்கில் ரத்தம் வந்தால், ஆறு மணி நேரமாக ஒன்றுக்கே போகாவிட்டால் நாளை வரை பொறுக்காதீர்கள், ராத்திரியே அவசரப் பிரிவுக்கு வாருங்கள். காய்ச்சலுக்கு பாராசிட்டமால் மட்டும், எடைக்குத் தகுந்த அளவில். இப்யூப்ரொஃபன், ஆஸ்பிரின் வேண்டவே வேண்டாம். பப்பாளி இலைச் சாறு கொடுத்தால் வாந்திதான் கூடும், இளநீரும் கஞ்சியும் கொடுங்கள்.

என் அக்கா பெண்ணை நான் வளர்க்கிறேன். பிறந்ததிலிருந்து எச்ஐவி, மாத்திரை சாப்பிடுகிறாள். பத்து வயசாகிறது, "எனக்கு மட்டும் ஏன் தினம் மாத்திரை?" என்று கேட்கிறாள். ஸ்கூலிலும் சொல்ல வேண்டுமா? (ஊர் வேண்டாம்)

ஸ்கூலில் சொல்ல வேண்டியதில்லை. 2017-இல் வந்து 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்ஐவி சட்டப்படி, இந்தக் காரணத்துக்காகப் பள்ளியில் சேர்க்காமல் இருக்கவோ ஒதுக்கவோ முடியாது. உங்கள் சம்மதம் இல்லாமல் யாரும் வெளியில் சொல்லவும் கூடாது. மாத்திரை வீட்டில்தானே சாப்பிடுகிறாள், அப்படியே இருக்கட்டும். ஓபிக்கு வருகிற நாளில் லீவு லெட்டருக்கு "மருத்துவப் பரிசோதனை" என்று மட்டும் எழுதினால் போதும். அக்கம்பக்கத்தில் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று பயந்து வராமல் இருக்கிறவர்களும் உண்டு. அப்படி இருந்தால் மாத்திரை தருகிற வேறு மையத்துக்கு மாற்றிக்கொள்ளலாம், சொல்லிவிட்டு மாறுங்கள், நடுவில் மருந்து நிற்காமல் நாங்களே சீட்டு எழுதி அனுப்புவோம்.

பிள்ளையிடம் சொல்வது வேறு விஷயம். அவள் கேட்க ஆரம்பித்துவிட்டாள், இனிமேல் "சத்து மாத்திரை" என்று சொல்லிக்கொண்டு போக முடியாது. ஆறிலிருந்து பன்னிரண்டு வயசுக்குள் பக்குவம் பார்த்துச் சொல்லிவிடலாம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலும். ஒரே நாளில் எல்லாவற்றையும் கொட்ட வேண்டாம். முதலில் "உன் ரத்தத்தில் ஒரு கிருமி இருக்கிறது, மாத்திரை அதைத் தூங்க வைக்கிறது, ஒருநாள் விட்டாலும் முழித்துக்கொள்ளும்" என்று ஆரம்பியுங்கள். நோயின் பெயரை அப்புறம், எங்கள் மனநல ஆலோசகரும் (கவுன்சிலர்) நீங்களும் சேர்ந்து உட்கார்ந்து சொல்லலாம். அவள் அம்மாவைப் பற்றிக் கேட்பாள், அதற்கு நீங்கள் தயாராக இருங்கள். பதின்ம வயசில் யாரோ தெரிந்தவர் வாயிலிருந்தோ போனில் மருந்து பெயரைத் தேடியோ தெரிந்துகொண்ட பிள்ளைகள் கோபத்தில் மாத்திரையையே தூக்கிப் போடுகிறார்கள், அதை நேராக்க எங்களுக்கு மாசக்கணக்கில் ஆகிறது. இப்போதே யாரிடமாவது பேச வேண்டும் போலிருந்தால் 1097 என்கிற இலவச எச்ஐவி உதவி எண் இருக்கிறது.

ஆன்டிபயாடிக் பொடி பாட்டில், தண்ணீர் எவ்வளவு? (பாகூர்)

கொதித்து ஆறிய தண்ணீர். முதலில் பாதி ஊற்றிக் குலுக்குங்கள், நுரை அடங்கட்டும், பிறகு பாட்டிலில் உள்ள கோடு வரைக்கும். வீட்டு ஸ்பூன் வேண்டாம், கூட வருகிற மூடி அல்லது ஊசி இல்லாத சிரிஞ்ச். போன தடவை மிச்சமானதை எடுத்துக் கொடுக்காதீர்கள், கலக்கிய மருந்து சில நாளைக்குத்தான், எத்தனை நாள் என்று லேபிளில் இருக்கும்.

சின்னம்மை போட்டிருக்கிறது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வரலாமா, மாமியார் கூடாது என்கிறார். (பண்ருட்டி)

வேப்பிலை கட்டுங்கள், வேண்டுதல் இருந்தால் செய்யுங்கள், அதில் எனக்கு ஒரு சண்டையும் இல்லை. ஆனால் மூச்சு இரைத்தால், கொப்புளத்தைச் சுற்றிச் சிவந்து சீழ் வைத்தால், பிள்ளை எழுப்ப எழுப்பத் தூங்கிக்கொண்டே இருந்தால் அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள், தூக்கி வாருங்கள். பிறந்து ஒரு மாசத்துக்குள் இருக்கிற குழந்தை, புற்றுநோய் மருந்தோ ஸ்டீராய்டோ எடுக்கிற பிள்ளை என்றால் முதல் கொப்புளத்திலேயே. மாமியார் சொல்வதிலும் ஒரு நியாயம் உண்டு: எங்கள் வெளி பெஞ்சில் எதிர்ப்புச் சக்தி குறைந்த பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள், சின்னம்மை காற்றிலேயே பரவும். அதனால் டோக்கன் வரிசையில் நிற்காமல், பிள்ளையை வெளியே மரத்தடியில் வைத்துக்கொண்டு கூட வந்தவரை மட்டும் அனுப்பிச் சொல்லுங்கள், தனி வழியாகப் பார்ப்போம். எல்லாக் கொப்புளமும் பொருக்குத் தட்டும்வரை ஸ்கூல் கிடையாது. வீட்டில் கர்ப்பிணி யாராவது இருந்து, அவருக்கு முன்பு அம்மை வந்ததில்லை என்றால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

நாய் கடித்து இரண்டு ஊசி போட்டாயிற்று. லீவுக்குச் சென்னை போகிறோம், முதலிலிருந்து போடுவார்களா? (கடலூர் முதுநகர்)

மாட்டார்கள். தோலில் போடுகிற முறை என்றால் கடித்து முதல் ஊசி போட்ட நாளிலிருந்து 3, 7, 28-ஆம் நாட்களில் மற்ற ஊசிகள். எந்த அரசு ஆஸ்பத்திரியிலும் அட்டையைக் காட்டினால் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். ஒன்றிரண்டு நாள் தள்ளிப்போனாலும் மறுபடி தொடங்குவதில்லை, தள்ளிப்போட வேண்டாம் அவ்வளவுதான். தோலிலா தசையிலா என்று அட்டையில் தெளிவாக எழுதியிருக்கிறதா என்று கிளம்புமுன் பாருங்கள், இல்லாவிட்டால் போட்ட இடத்திலேயே எழுதி வாங்குங்கள். நாய் பத்து நாள் கழித்தும் நன்றாக இருக்கிறது என்று தெரிந்தால் அதை டாக்டரிடம் சொல்லலாம், நீங்களாகக் கடைசி ஊசியை நிறுத்தாதீர்கள். அட்டையை அப்பா, அம்மா இரண்டு பேர் போனிலும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.