ஷரீஆ சபையில் ஆட்கள் கூடினால் இலாபமும் கூடுமா?

கேள்வி: 10 இலட்சம் ரூபாவை முழாரபா கணக்கில் (நம் பணத்தை வங்கி தொழிலில் இட்டு, வரும் இலாபத்தைப் பகிரும் கணக்கு) போட இருக்கிறேன். ஒரு வங்கியின் ஷரீஆ சபையில் (வங்கியின் நடவடிக்கைகள் இஸ்லாமியச் சட்டத்துக்கு இணங்குகின்றனவா என்று பார்க்கும் அறிஞர் குழு) 3 பேர், மற்றதில் 5 பேர். 5 பேர் உள்ள இடத்தில் இலாபம் கூட வருமா? (வாசகர், சோனகதெரு, யாழ்ப்பாணம்)

பதில்: தலை எண்ணிப் பணம் போடாதீர்கள். இஸ்லாமிய நிதி நிறுவனங்களுக்கு நியமங்கள் வகுக்கும், பஹ்ரைனில் இயங்கும் அயோஃபி (AAOIFI) அமைப்பின் நியமப்படி குறைந்தது 3 பேர் போதும். ஆட்தொகைக்கும் இலாபத்துக்கும் தொடர்பு தேடிய ஆய்வுகளின் முடிவுகளும் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன.

உங்கள் கைக்கு வருவதைத் தீர்மானிப்பது இரண்டு: வைப்பாளர்களின் பணம் சேர்ந்த தொகுதி உழைத்த இலாபம், அதை வங்கியும் நீங்களும் பிரிக்கும் பங்கீட்டு விகிதம். ஒரு வங்கி ஆண்டுக்கு 12% உழைத்து, அந்த இலாபத்தில் உங்களுக்கு நூற்றுக்கு 60 பங்கு தந்தால் 72,000 ரூபா. இன்னொன்று 70 பங்கு தந்தும் 10% மட்டுமே உழைத்தால் 70,000. ஆகவே விகிதத்தை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். கடந்த 12 மாதமும் உண்மையில் கொடுத்த வீதத்தைக் கேளுங்கள்.

சபையின் கை இலாபத்தில் படும் இடம் வேறு. ஒரு விவசாயிக்கு முறாபஹாவில் (வங்கி பொருளை வாங்கி, இலாபம் வைத்து விற்கும் முறை) லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் கொடுக்கிறார்கள் என்று வையுங்கள். வங்கி அதை முதலில் தன் பெயரில் வாங்கி, பொறுப்பேற்று, பிறகுதான் விற்க வேண்டும். விற்பனை ஒப்பந்தம் 5ஆம் திகதி, வங்கி வாங்கிய பில் 8ஆம் திகதி என்றிருந்தால், கையில் இல்லாததை விற்றதாகிவிடும். 6 இலட்சத்துக்கு வாங்கி 690,000க்கு விற்றிருந்தால், அந்த 90,000ஐ வருமானத்தில் சேர்க்காமல் தர்மத்துக்கு ஒதுக்கச் சபை சொல்லும். தவணை பிந்தியதற்கு அறவிட்ட தொகையும் பொதுவாக அங்கேதான் போகும். கண்டிப்பான சபையால் அந்த ஆண்டு இலாபம் சற்றுக் குறையலாம். எங்கள் பார்வையில் அது நல்ல அடையாளம்.

வருடாந்த அறிக்கையில் ஷரீஆ சபையின் அறிக்கையைத் தேடிப் படியுங்கள். "எல்லாம் ஷரீஆவுக்கு இணங்க நடந்தது" என்ற ஒற்றை வரியோடு முடிந்தால் போதாது. எத்தனை கோப்புகளைப் பரிசோதித்தார்கள், தர்மக் கணக்குக்கு எவ்வளவு போனது, உள்ளக ஷரீஆ கணக்காய்வாளர் சபைக்கு நேரடியாக அறிக்கை கொடுக்கிறாரா என்று பாருங்கள். ஒரே ஆலிம் (மார்க்க அறிஞர்) பல நிறுவனங்களின் சபைகளில் இருந்தால், கோப்புப் பார்க்க அவருக்கு நேரம் எங்கே?

இன்னொன்று, முழாரபாவில் வங்கியின் கவனயீனமோ ஒப்பந்த மீறலோ இல்லாமல் நட்டம் வந்தால், அது நீங்கள் போட்ட முதல் பணத்தில்தான் விழும். கிளையில் யாராவது "மாதம் இவ்வளவு நிச்சயம்" என்று சொன்னால், கையொப்பம் வைக்க முன்னர் அந்த வரியை ஒப்பந்தத்தில் காட்டச் சொல்லுங்கள்.