பதில்: காதுல ஹெட்போன், சின்ன கிடார் பாட்டு, டாக்டர் சாவாரே, அது எந்த சீரியல்?

ஏற்காடு நண்பரே, அது 'ஈஆர்'ங்கற அமெரிக்க ஆஸ்பத்திரி சீரியல்தாங்க, சந்தேகமே வேணாம். படுத்திருக்கற டாக்டர் கிரீன் காதுல அவரோட பொண்ணு ஹெட்போன மாட்டி விடும், பாட்டு ஓடும், அது எட்டாவது சீசன் 21வது எபிசோடு, பேரு 'ஆன் தி பீச்', 2002 மே மாசம் வந்துச்சு. நீங்க கிடார்னு நெனச்சது உகுலேலே, நாலு கம்பி வெச்ச குட்டி கிடார் மாதிரி வாத்தியம். பாடுனவரு ஹவாய்க்காரர், இஸ்ரேல் காமாகாவிவோஓலே, பாட்டு 'ஓவர் தி ரெயின்போ'. கதையும் ஹவாய்லயே நடக்குறதால அந்தக் கொரல் அப்படியே ஒட்டிக்கும், பெரிய வாத்தியம் எதுவும் இல்லாம ஒரு ஆளு மெதுவா பாடுறாரு, அவ்ளோதான், அதுக்கே நெஞ்சு அடைச்சிரும்.

நேரா அதுக்குப் போயிராதீங்க, முந்துன எபிசோடு 'தி லெட்டர்' பாத்துட்டு போங்க, ஆஸ்பத்திரில லெட்டர படிக்கும்போதே கிரீன் எறந்துட்டாருன்னு தெரிஞ்சிரும், அப்புறம்தான் கடைசி நாள்ங்கள காட்டுவாங்க.

ஆனா அப்பாவுக்கு சேலத்துல மூளைக்கட்டி ஆபரேஷன் முடிஞ்சு இப்பதான் மலைக்கு கூட்டிட்டு வந்தோம், அவரோட உக்காந்து பாக்கணும்னு எழுதிருக்கீங்க. கிரீனுக்கும் அதே மூளைக்கட்டிதாங்க. தயவுசெஞ்சு இப்ப வேணாம், பாட்ட மட்டும் போட்டுக் காட்டுங்க. சீரியலே வேணும்னு கேட்டார்னா மொத சீசன்ல ஆரம்பிங்க, அதுல 'லவ்ஸ் லேபர் லாஸ்ட்' எபிசோட மட்டும் தாண்டிருங்க, பிரசவத்துல அம்மா எறந்துருவாங்க. மழை வந்தா அங்க சிக்னல் போயிரும், டவுனுக்கு எறங்கும்போதே டவுன்லோடு பண்ணிக்கோங்க.