52 வயதில் குதிரை வாங்கலாமா? வாங்கலாம், முதலில் கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பாருங்கள்

52 வயது, ராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளி பக்கம் கடலோரத்தில் கொஞ்சம் இடம், சின்ன வயதிலிருந்தே குதிரை ஆசை, வீட்டில் எல்லாரும் "இந்த வயசுல எதுக்கு" என்கிறார்கள், வாங்கி ஓட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக வாங்கலாம். எனக்கு 61 ஆகிறது. கீழக்கரைக்குப் பக்கத்தில் ஒரு பெண்குதிரை வைத்திருக்கிறேன், பெரும்பாலும் காலையில் சவாரி போகிறேன்.

"காசு இருக்கிறவன் பேசுகிறான்" என்று யாராவது எழுதுவதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன். நான் வளைகுடாவில் பந்தயக் குதிரை லாயத்தில் குதிரைக்காரனாக இருந்தவன். லத்தி அள்ளுவது, உடம்பு தேய்ப்பது, குளம்பு நோண்டிச் சுத்தம் செய்வது, தீனி கலக்குவது, ராத்திரி காவல். என் வாலிபம் முழுக்க அங்கேதான் போனது. அந்தக் குதிரைகள் மேல் ஏறி உட்கார எங்களுக்கு அனுமதி கிடையாது. சொந்தக் குதிரையில் முதலில் ஏறியபோது எனக்கு உங்கள் வயதைவிடக் கூடுதல். அதனால்தான் உங்கள் கேள்வியைப் படித்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை.

வயது விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் ஜப்பானின் ஹிரோஷி ஹோகெட்சு 71 வயதில் குதிரையேற்றத்தில் இறங்கினார். நமக்கு அவ்வளவு வேண்டாம், நடையும் மெதுவான ஓட்டமும் போதும். முழங்கால் வலி இருந்தால் தரையில் நின்று அங்கவடியில் (சேணத்தில் தொங்கும் கால் வளையம்) தொங்கி ஏறாதீர்கள், அது குதிரையின் முதுகையும் ஒரு பக்கமாக இழுக்கும். இரண்டு படி வைத்து ஒரு சிமெண்ட் மேடை கட்டி அதிலிருந்து ஏறுங்கள். குதிகால் வைத்த ஷூ வேண்டும், இல்லையென்றால் கால் அங்கவடிக்குள் நுழைந்து மாட்டிக்கொள்ளும். சவாரிக்கென்றே உள்ள ஹெல்மெட் வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் கேட்காமல் ஏறக் கூடாது. எடை, சேணத்தையும் சேர்த்து, குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குள் இருக்கட்டும். 350 கிலோ குதிரைக்கு 70 கிலோ. அப்புறம், நாலு வயதுக் குதிரையை வாங்காதீர்கள். நன்றாகப் பார்த்துக்கொண்டால் குதிரை 25, 30 வருஷம் இருக்கும். உங்கள் 75 வயதிலும் அது உயிரோடு இருக்கும், அப்போது யார் பார்ப்பது? பன்னிரண்டு வயது தாண்டிய, ஆள் பழகிய, அமைதியான குதிரைதான் நம் வயதுக்குச் சரி. ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குப் போனால் சுழி (குதிரை உடம்பில் முடி சுழன்றிருக்கும் இடம்) பார்த்து ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். சுழி இருக்கட்டும், நீங்கள் பல்லையும் காலையும் பாருங்கள்.

நம் கடற்கரையில் நான் பயப்படுவது கீழே விழுவதற்கு அல்ல, மணலுக்கு. என் குதிரை எனக்கு முன்னால் வேறொரு ஊர்க் கடற்கரையில் சுற்றுலா வந்த பிள்ளைகளை ஏற்றிச் சுற்றிக்கொண்டிருந்தது. வருஷக்கணக்கில் அதற்குப் புல்லை மணலில் கொட்டித்தான் போட்டிருக்கிறார்கள். நம்மிடம் வந்த கொஞ்ச நாளில் ஒரு ராத்திரி என் மனைவிதான் கவனித்து, "வந்து பாருங்க, அது நிக்கிற நிலையே சரியில்ல" என்றாள். முன்காலால் தரையைப் பறிக்கிறது, திரும்பித் திரும்பி விலாவைப் பார்க்கிறது, படுக்கிறது, எழுகிறது, புரளப் போகிறது. தாடைக்குக் கீழே விரல் வைத்து நாடி பார்த்தேன். சும்மா நிற்கும் குதிரைக்கு நிமிஷத்துக்கு 28 முதல் 44 வரை இருக்க வேண்டும், இதற்கு 60-க்கு மேல் ஓடியது. விலாவில் காதை வைத்தால் குடல் ஓடும் சத்தமே இல்லை. குதிரைக்கு வாந்தி எடுக்க முடியாது என்பது உங்களுக்குத் தெரியுமோ என்னவோ, உள்ளே போனது பின்பக்கமாகத்தான் வெளியே வந்தாக வேண்டும், அதனால் வயிறு கட்டிவிட்டால் உயிருக்கே ஆபத்து.

பக்கத்து வீட்டுக் காக்கா (எங்கள் பக்கம் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவோம்) நல்ல மனசோடு ஓமக் கஷாயம் காய்ச்சி எடுத்து வந்தார். வாயில் ஊற்ற நான் விடவில்லை, மூச்சுக்குழலுக்குள் இறங்கினால் அதுவே முடித்துவிடும். முதலில் போன் போட்ட கால்நடை மருத்துவர் ஆடு மாடுதான் பார்ப்பேன் என்று வைத்துவிட்டார். இன்னொருவர், சின்ன வயசுப் பிள்ளை, மதுரைப் பக்கத்திலிருந்து நடுராத்திரி தாண்டி வந்து சேர்ந்தார். அதுவரை தீனியை எடுத்துவிட்டு மெதுவாக நடத்திக்கொண்டே இருந்தேன். அவர் வலிக்கு ஊசி போட்டு, மூக்கு வழியாகக் குழாய் விட்டு லிக்விட் பாரஃபின் ஏற்றினார். விடிந்த பிறகு லத்தி போட்டது. அதில் கொஞ்சம் எடுத்து பாட்டில் தண்ணீரில் கரைத்து வைத்தேன், அடியில் கனமாக மணல் படிந்தது. அந்த பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன், சொல்ல எனக்கு வெட்கமில்லை. சென்னையிலிருந்து மகன், "வாப்பா, வித்துடுங்க, உங்களுக்கே பிரஷர் இருக்கு" என்றான். விற்கவில்லை.

நீங்களும் அந்த பாட்டில் சோதனையை அடிக்கடி செய்யுங்கள். தீனியைத் தொட்டியில் போடுங்கள், கீழே ரப்பர் விரிப்பு போடுங்கள், பசியோடு மணல்காட்டில் மேயவிடாதீர்கள். மணல் வெளியேற இசப்கோல் கொடுப்பது உண்டு, அளவை மருத்துவரிடம் கேளுங்கள். சீமைக்கருவேலம் இன்னொரு தொல்லை. அதன் நெற்று இனிக்கும், குதிரை விரும்பித் தின்னும், அதிகம் போனால் குடலில் அடைத்துக்கொள்ளும். முள் குத்தினால் தனுர்வாதம், தடுப்பூசியைத் தள்ளிப்போடாதீர்கள். ஆட்டுக்குப் போடுகிற சவுண்டல் தழையைப் போடச் சொல்வார்கள், வேண்டாம், பிடரி மயிரும் வால் மயிரும் கொட்டிப்போகும். குதிரைமசால் தழை, காய்ந்த புல், கொஞ்சம் கொள்ளு, உப்பு, இது போதும்.

"நம்ம ஊர் வெயிலுக்குக் குதிரை தாங்காது" என்று ஒருவர் எழுதத்தான் போகிறார். மாணிக்கவாசகரைப் பாண்டியன் குதிரை வாங்க அனுப்பிய கதை எல்லாருக்கும் தெரியும், அதுவும் இந்தக் கிழக்குக் கரைக்குத்தான். 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்த மார்க்கோ போலோ, பாண்டிய நாட்டுக்கு வருஷா வருஷம் ஆயிரக்கணக்கில் குதிரை இறங்குவதையும், வருஷ முடிவில் பெரும்பாலானவை செத்துப்போவதையும் எழுதியிருக்கிறார். காரணமாக அவர் முக்கியமாகச் சொல்வது வைத்தியம் பார்க்க, பராமரிக்கத் தெரிந்த ஆள் இல்லை என்பதை. விற்கிற வியாபாரிகளே அப்படி ஆள் வராமல் பார்த்துக்கொண்டார்களாம், செத்தால்தானே அடுத்த வருஷம் வியாபாரம். சோறும் இறைச்சியும் சேர்த்துத் தீனியாகக் கொடுத்தார்கள் என்றும் இருக்கிறது. ராஜாவிடம் பணம் இருந்தது, குதிரைக்காரன் இல்லை. இதைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது.

இன்றைக்கும் அப்படித்தானே. குதிரைக்காரன் என்றால் ஒரு மரியாதை கிடையாது. வெளிநாட்டில் உழைத்துவிட்டு வந்தவனுக்குப் பென்ஷன் கிடையாது, ஆனால் ஊரில் எந்த விசேஷம் என்றாலும் நன்கொடை நோட்டு முதலில் நம் வீட்டு வாசலுக்கு வரும். கொடுக்கவில்லை என்றால் "குதிரைக்குக் கொட்ட மட்டும் காசு இருக்கு" என்று காதுபடப் பேசுகிறார்கள். நான் சிகரெட் தொட்டதில்லை, வட்டிக்கு விட்டதில்லை, என் காசில் என் குதிரைக்குப் புல் வாங்கினால் யாருக்கு என்ன நஷ்டம்? சரி, அதை விடுங்கள்.

கடைசியாகத் தண்ணீர். குதிரை ஒரு நாளைக்கு 25 முதல் 50 லிட்டர் வரை குடிக்கும், வெயிலில் இன்னும் கூடும். கிணறு உப்புக் கரித்தால் குடிப்பதைக் குறைத்துக்கொள்ளும், லத்தி இறுகும், திரும்ப அந்த ராத்திரிதான். லாரித் தண்ணீரை நம்பிக் குதிரை வைக்க முடியாது. நீங்கள் பங்குனி, சித்திரையில் கிணற்றுத் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்து, முடிவு என்ன வந்தது, கிணற்றை உப்பாக்கக்கூடிய இறால் பண்ணை பக்கத்தில் இருக்கிறதா, குதிரை பார்க்கும் மருத்துவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்ற மூன்றையும் கீழே எழுதுங்கள். எந்தக் குதிரை, என்ன விலை என்பதை அப்புறம் பேசலாம்.